கதவோரம் ஒரு கறுப்பு ஊர்தி
அயர்லாந்துப் பாடல் ஒன்றின் பின்னணி

தாயை இழந்த நாட்களைப் பாடுகிறோம் என்று அறியாமலேயே ஒரு மகன் அந்நாட்களைப் பாடிவிட முடியுமா? முடியும் என்பதற்கு அயர்லாந்திலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. டப்ளின் நகரத்தின் 'யூ டூ' என்னும் ராக் இசைக்குழு 1981ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் 'அக்டோபர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதன் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைப்பது 'டுமாரோ', அதாவது 'நாளை' என்னும் பாடல். அது தனி இசைத்தட்டாக வெளிவரவில்லை. 1998இல் அக்குழு தன் முதல் பத்தாண்டின் சிறந்த பாடல்களைத் தொகுத்தபோதும் அது இடம்பெறவில்லை. அக்குழுவை உலகெங்கும் அறியச் செய்த பாடல்களின் நிழலில் ஒதுங்கிக் கிடக்கும் பாடல் அது.

ராக் இசை என்ற சொல்லைக் கேட்டதுமே அதனை இரைச்சல் என்று ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் குறை கூறுவதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும் இப்பாடல் எழுப்பும் வினா நமக்கு அயலானதன்று. இறப்பு நேர்ந்த வீட்டில் பேசப்படாமல் போகும் துயரம் எங்கே போகிறது? நம்பிக்கையின் மொழி அத்துயரத்தை ஆற்றுகிறதா, அல்லது மூடி மறைக்கிறதா? இவ்விரு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டே இப்பாடலை அணுகுவோம்.

பாடலின் அமைப்பு

மின்கிதாரோ முரசோ இன்றி, ஒரு குழலின் ஓசையோடு பாடல் தொடங்குகிறது. அது அயர்லாந்து மக்களின் துருத்திக் குழல். ஸ்காட்லாந்துப் படைகளின் முன்னணியில் நடந்தவாறு ஊதப்படும் குழல் வேறு, இது வேறு. இதனை வாய் வைத்து ஊதுவதில்லை; வாசிப்பவர் அமர்ந்துகொண்டு, முழங்கைக்கு அடியில் வைத்த சிறு துருத்தியால் காற்றை நிரப்புகின்றார். முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் மொழிச் சொல்லே இதன் பெயரிலும் அமைந்துள்ளது. திறந்த வெளிக்கன்று, வீட்டின் உள்ளறைக்கு ஏற்ற கருவி இது. இப்பாடலில் இதனை வாசித்தவர் வின்னி கில்டஃப் என்னும் கலைஞர்.

குழலின் ஓசைக்குமேல் ஓர் இளைஞனின் குரல் எழுகின்றது. போனவர் ஒருவரை நாளை திரும்பி வரமாட்டாயா என்று அது கேட்கிறது. பிறகு காட்சி மாறுகிறது. வீட்டின் வெளியே யாரோ நிற்கின்றார், கதவு தட்டப்படுகிறது, சாலையோரத்தில் கறுப்பு நிற ஊர்தி ஒன்று நிற்கிறது. கதவருகே போக வேண்டாம் என்று குரல் தடுக்கிறது. சிறிது நேரத்தில் அதே குரல் தாயை விளித்து, தான் வெளியே போவதாகச் சொல்கிறது. அவ்விடத்தில் முரசும் கிதாரும் எழுந்து பாடலைப் பற்றிக்கொள்கின்றன. குரல் உயர்கிறது. காயங்களை ஆற்றுபவர் யார் என்ற வினா எழுகிறது. இறைவனின் செம்மறிக்குக் கதவைத் திறந்துவிடும்படி குரல் இறைஞ்சுகிறது. இயேசு வரவிருக்கின்றார் என்னும் அறிக்கையோடு பாடல் உச்சத்தை அடைந்து முடிகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கதவு. முற்பகுதியில் திறக்கக்கூடாததாக இருந்த கதவு, பிற்பகுதியில் திறந்தே ஆக வேண்டிய கதவாகிவிடுகிறது. இந்தத் திருப்பத்திற்குள்தான் பாடலின் முழுப் பின்னணியும் அடங்கியிருக்கிறது.

1974ஆம் ஆண்டின் செப்டம்பர்

பாடகர் போனோவின் இயற்பெயர் பால் ஹியூசன். 1960ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பிறந்தவர். தந்தை பாப் ஹியூசன் அஞ்சல் துறை ஊழியர். இசை நாடகங்களில் பெருவிருப்பம் கொண்டவர். தாமும் நல்ல குரல்வளம் வாய்க்கப்பெற்றவர். தாயின் பெயர் ஐரிஸ். மூத்த மகன் ஒருவன், இளையவன் பால் என அளவான குடும்பம். வடக்கு டப்ளினில் சீடர்வுட் சாலையில் பத்தாம் எண் வீடு அவர்களுடையது.

1974 செப்டம்பரில் ஐரிஸின் தந்தை இறந்தார். அவரது அடக்கத்தின்போது ஐரிஸ் மயங்கி விழுந்தார். மூளையின் இரத்தக் குழாயில் ஏற்பட்ட வீக்கம் வெடித்ததே காரணம். சில நாட்களில், செப்டம்பர் 10ஆம் நாள், அவரும் இறந்தார். தாத்தாவை அடக்கம் செய்யச் சென்ற சிறுவன், அடுத்த சில நாட்களில் தாயையும் அடக்கம் செய்ய நேர்ந்தது. அவனுக்கு அப்போது வயது 14.

அதன் பிறகு நிகழ்ந்ததுதான் இப்பாடலுக்கு இன்னும் நெருக்கமானது. அந்த வீட்டில் மூன்று ஆண்கள் எஞ்சினர். அவர்கள் ஐரிஸைப் பற்றிப் பேசுவதை அறவே நிறுத்திவிட்டனர். இதனைப் போனோ பின்னாளில் பல முறை நினைவுகூர்ந்துள்ளார்; 2022இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுகளிலும் எழுதியுள்ளார். பேசாமை நினைவையும் கரைத்துவிட்டது. தாயைப் பற்றித் தம்மிடம் எஞ்சிய நினைவுகள் மிகச் சிலவே என்பது அவரது நெடுநாள் வருத்தம். தந்தை அன்பற்றவர் என்று நாம் இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. தம் துயரைத் தாங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி மௌனம். அந்தத் தலைமுறையின் ஆண்கள் பலர் அப்படித்தான் இருந்தனர்.

துயரம் அந்த வீட்டோடு நின்றுவிடவில்லை. குழுவின் முரசு வாசிப்பவரான லாரி மல்லன் 1978இல் தம் தாயைச் சாலை விபத்தில் இழந்தார். குழுவின் நால்வரில் இருவர் இருபது வயதை எட்டுமுன்பே தாயற்றவர் ஆயினர். அந்த இழப்பு இருவரையும் நெருக்கமாக்கியது என்பர். இப்பாடலில் குரல் ஓரிடத்தில் தத்தளிக்கும்போது முரசு வந்து அதனைத் தாங்கிக்கொள்கிறது. இதைக் கேட்கும் நமக்கு, இரு மகன்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வது போலவே தோன்றுகிறது.

இரு ஆலயங்களுக்கு நடுவே ஒரு வீடு

ஹியூசன் குடும்பத்திற்கு வேறொரு பின்புலமும் உண்டு. தந்தை கத்தோலிக்கர், தாய் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபையினர். அவர்கள் மணம் புரிந்தது 1950இல். அக்கால அயர்லாந்தில் இத்தகைய மணம் எத்துணைக் கடினமானது என்பதை இன்று நாம் எளிதில் உணர மாட்டோம். 1908இல் நடைமுறைக்கு வந்த 'நே தேமெரே' என்னும் திருச்சபை ஆணையின் நிழல் அப்போதும் அந்நாட்டின்மீது கிடந்தது. கலப்பு மணத்தில் பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் கத்தோலிக்கராக வளர்ப்பதாக வாக்குறுதி கேட்கப்பட்டது. சீர்திருத்த சபையினரின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கேற்பது தடுக்கப்பட்டிருந்தது.

அத்தடையின் வலிமைக்கு ஒரு நிகழ்ச்சியே போதும். அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரும் ஐரிஷ் மொழியின் மீட்சிக்கு உழைத்த அறிஞருமான டக்ளஸ் ஹைட் 1949 ஜூலையில் இறந்தார். அவர் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தில் அவருக்கு அடக்க வழிபாடு நடந்தபோது, பிரதமர் ஜான் காஸ்டெல்லோவும் அவருடைய கத்தோலிக்க அமைச்சர்களும், ஓர் அமைச்சர் நீங்கலாக, ஆலயத்திற்குள் நுழையவில்லை. வழிபாடு முடியும்வரை வெளியே தம் ஊர்திகளிலேயே அமர்ந்திருந்தனர். கவிஞர் ஆஸ்டின் கிளார்க் இதனைக் குறித்து ஒரு கவிதையே எழுதினார். நாட்டின் தலைமகனின் இறுதி வழிபாட்டின்போது, சாலையோரத்து ஊர்திகளில் காத்திருந்த அந்த மனிதர்களின் காட்சி ஐரிஷ் மக்களின் உள்ளத்தில் ஆழப் பதிந்த ஒன்று. அடுத்த ஆண்டே பாப் ஹியூசனும் ஐரிஸும் மணம் புரிந்துகொண்டனர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு தம் ஆலயத்திற்குச் செல்வார். தந்தை திருப்பலிக்குத் தனியே செல்வார். ஒரே கடவுளை வழிபட ஒரே குடும்பம் இரு வாயில்கள் வழியே சென்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டதும், திருத்தந்தை ஆறாம் பவுல் 1970இல் கலப்பு மணங்கள் பற்றிய விதிகளைத் தளர்த்தியதும் அந்தச் சிறுவன் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான். அவன் பயின்ற மவுண்ட் டெம்பிள் பள்ளி, இரு சபைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்த, அந்நாட்டில் அந்நாளில் அரிதான பள்ளி. 1976இல் லாரி மல்லன் அங்கே ஒட்டிய அறிவிப்பிலிருந்தே இக்குழு பிறந்தது. உள்ளே, வெளியே என்னும் சொற்கள் அங்கு வளர்ந்த பிள்ளைக்கு வெறும் இடத்தைக் குறிப்பன அல்ல. யார் எந்த வாயிலுக்குள் நுழையலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பது அவன் குடும்பத்தின் அன்றாட வினாவாக இருந்தது. இப்பாடலில் 'வெளியே' என்ற சொல் பெறும் அழுத்தத்தை இப்பின்னணியோடு சேர்த்துக் கேட்பது நன்று.

தொலைந்துபோன ஏடுகள்

முதல் இசைத்தட்டு 1980இல் வெளிவந்த பின் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. 1981 மார்ச் மாதம் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் போனோவின் கைப்பெட்டி காணாமற்போயிற்று. அடுத்த இசைத்தட்டுக்கென அவர் எழுதி வைத்திருந்த பாடல் வரிகளும் குறிப்புகளும் அதில் இருந்தன. அப்பெட்டி அவர் கைக்குத் திரும்பியது 2004இல்தான். இடைப்பட்ட காலம் 23 ஆண்டுகள்.

டப்ளினின் விண்ட்மில் லேன் ஒலிப்பதிவுக் கூடத்தில், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் முன்னிலையில் குழு கூடியபோது, இசை இருந்தது, சொற்கள் இல்லை. பணமும் குறைவு, நேரமும் குறைவு. ஆகவே போனோ பல பாடல்களை ஒலிவாங்கியின் முன் நின்றபடியே, வாய்க்கு வந்த சொற்களால் அமைத்தார். இவ்விசைத்தட்டின் குறைகள் பலவற்றுக்கும் இதுவே காரணம் என்று திறனாய்வாளர்கள் கூறுவர். பல பாடல்களில் சொற்கள் மெலிந்தும், திரும்பத் திரும்ப வந்தும் சலிப்பூட்டுகின்றன என்பது உண்மையே. ஆயின் 'நாளை' பாடலைப் பொறுத்தவரை அந்த இழப்பு ஒரு பேறாக மாறிவிட்டது என்பது நம் கருத்து. எழுதுகோலோடு அமர்ந்திருந்தால் அவர் தேர்ந்தெடுத்திருப்பார், அடித்திருப்பார், மறைத்திருப்பார். ஏடு இல்லாத நிலையில், ஏழு ஆண்டுகளாக வீட்டில் எவரும் பேசாதிருந்த ஒன்று தானே வாய்திறந்தது.

அக்காலத்தில் போனோவும், கிதார் கலைஞர் எட்ஜும், லாரியும் 'ஷாலோம்' என்ற இறைவேண்டல் குழுவில் ஈடுபாடு கொண்டிருந்தனர். பேஸ் கிதார் வாசித்த ஆடம் கிளேட்டன் மட்டும் அதில் சேரவில்லை. ஆவியாரின் அருங்கொடைகளை முதன்மைப்படுத்திய அக்குழுவில், ராக் இசையும் விசுவாச வாழ்வும் ஒத்துப்போகுமா என்ற கடும் வினா எழுந்தது. எட்ஜ் இசைக்குழுவை விட்டு விலகிவிடுவது பற்றியே எண்ணினார். இறுதியில் அவர்கள் இசையிலேயே நிலைத்து, அந்த இறைவேண்டல் குழுவிலிருந்து விலகினர். இந்த நெருக்கடியின் நடுவேதான் 'நாளை' பதிவானது. அதே இசைத்தட்டின் முதற்பாடலில் இலத்தீன் வழிபாட்டு மொழி ஒலிப்பதும், இப்பாடலின் பிற்பகுதி வேண்டலாகவே மாறிவிடுவதும் இதன் விளைவுகள்.

வடக்கிலிருந்து வந்த தட்டல் ஓசை

இனி, பாடியவரே தம் பாடலை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதைப் பார்ப்போம். கதவைத் தட்டும் ஓசையும் கறுப்பு ஊர்தியும் வட அயர்லாந்தின் வன்முறையைக் குறிப்பவை என்றே முதலில் அவர் எண்ணினார். தாயின் இறுதிச் சடங்கையே தாம் விவரித்திருப்பதைப் பின்னரே உணர்ந்ததாகக் கூறியுள்ளார்.

அவர் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. 1981 மே 5ஆம் நாள் பாபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாநோன்பிருந்து இறந்தார். ஆகஸ்டு 20க்குள் பத்துப் பேர் இவ்வாறு இறந்தனர். கல்லறைத் தோட்டங்களை நோக்கிச் சென்ற சவ ஊர்வலங்கள் அந்தக் கோடைக்காலம் முழுவதும் செய்தியாயின. இரவில் கதவு தட்டப்படுவதும், திறந்தவர் சுடப்படுவதும் வடக்கில் பல வீடுகளில் நிகழ்ந்த கொடுமை. கதவருகே போகாதே என்பது அங்கே அன்றாட எச்சரிக்கை.

இன்னொன்றும் உண்டு. 1974 மே 17ஆம் நாள் டப்ளினின் தெருக்களில் மூன்று ஊர்திகளும், மோனகன் நகரில் ஒன்றும், முன்னறிவிப்பின்றி வெடித்தன. 33 பேர் மாண்டனர். அக்கலவரக் காலம் முழுவதிலும் ஒரே நாளில் மிகுதியான உயிர்கள் பலியானது அன்றுதான். சாலையோரத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஊர்தியே அன்று சாவின் கருவியாயிற்று. நான்கு மாதங்களுக்குள் அதே ஊரில் அந்தச் சிறுவனின் தாய் இறந்தார். ஆகவே அவன் நினைவில் நகரத்தின் துயரமும் வீட்டின் துயரமும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தவை.

எனவே இரு பொருள்களில் ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ள வேண்டியதில்லை. நாட்டின் துயரம் பேசத்தக்கதாக இருந்தது. நாளேடுகள் அதைப் பேசின. ஆயர்கள் அதைப் பேசினர். வீட்டின் துயரம் பேசத்தகாததாக இருந்தது. பேசத்தகாதது, பேசத்தக்கதன் ஆடையை அணிந்துகொண்டு வெளியே வந்தது. கலைப் படைப்பில் இது அரிதன்று. ஆனால் படைத்தவரையே ஏமாற்றிக்கொண்டு வந்திருப்பதுதான் இங்கே சிறப்பு.

குழலின் அழுகை

குழலிசையின் இடம் இங்குத் தெளிவாகிறது. அயர்லாந்தில் பண்டு இறந்தவர் உடலருகே பெண்கள் கூடி அழுது பாடும் மரபு இருந்தது. நம் ஒப்பாரிக்கு ஒப்பானது அது. 17ஆம் நூற்றாண்டு தொடங்கி அயர்லாந்தின் ஆயர் மன்றங்கள் அதனைப் பலமுறை கண்டித்தன. கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பொருந்தாத அளவிறந்த அழுகை என்பது அவர்கள் கருத்து. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குள் அம்மரபு பெரும்பாலும் மறைந்தது. ஆனால் அதன் இசைக்கூறுகள் மெதுவான ஐரிஷ் பாடல்களிலும் குழலிசையிலும் தங்கிவிட்டன.

டப்ளினின் இளைஞர்கள் பழைய நாட்டுப்புற இசையை அந்நாளில் பெரிதும் மதித்தாரல்லர். லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்த புதிய இசையே அவர்களை ஈர்த்தது. யூ டூ குழுவும் அவ்வாறே. ஆயினும் தாயின் அடக்கத்தைத் தொடும் பாடலுக்கு, என்ன பாடுகிறோம் என்று அறியாத நிலையிலும், அவர்கள் நாடியது தம் மண்ணின் குழலையே. அழத் தெரியாத வீட்டில் வளர்ந்த மகனுக்காக அந்தக் குழல் அழுகிறது.

விரைந்து வந்த நம்பிக்கை

இனிப் பாடலின் மீது வைக்கத்தக்க குற்றச்சாட்டுக்கு வருவோம். பிற்பகுதியில் தாய் மறைந்துவிடுகின்றார். துயரம் முழுமையாகச் சொல்லப்படுமுன்பே நம்பிக்கை உரத்த குரலில் வந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நாளை வரமாட்டாயா என்று தாயிடம் தொடங்கிய வேண்டுதல், வருகின்றார் என்று ஆண்டவரைப் பற்றிய அறிக்கையாக எப்போது மாறியது என்பதே தெரிவதில்லை. ஒருவரின் வரவு இன்னொருவரின் வரவாக மாற்றப்படுகிறது. இது ஆறுதலா, அல்லது தப்பித்தலா?

இவ்விடத்தில் புனித அகுஸ்தினாரை நினைப்பது தகும். 387இல் ஓஸ்தியா துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்தபோது நடந்தவற்றை அவர் தம் 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதியுள்ளார். பாட்டி இறந்ததும் சிறுவன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அழுதான். உடனிருந்த அனைவரும் அவனை அடக்கினர். பின் எவோதியுஸ் திருப்பாடலைத் தொடங்க, வீடு முழுவதும் பதிலுரைத்தது. கிறிஸ்தவரின் சாவுக்கு அழுகை தகாது என்று கருதிய அகுஸ்தினார் கண்களை அடக்கிக்கொண்டார். அடக்கத்தின்போதும் அழவில்லை. பின்னர், துயின்று எழுந்து தனிமையில் இருந்தபோதுதான் கண்ணீர் பெருகியது. அவர் அதனைத் தடுக்கவில்லை. அக்கண்ணீரைத் தம் நெஞ்சுக்குத் தலையணையாக்கிக்கொண்டார். அடக்கப்பட்ட அந்தச் சிறுவனுக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது. சீடர்வுட் சாலையின் சிறுவனும் அவ்வயதினனே.

அகுஸ்தினாருக்குக் கண்ணீர் அன்றோ மறுநாளோ வந்தது. போனோவுக்கு அது ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொன்றின் பெயரில் வந்தது. அதன் முடிவில் அவர் எழுப்பும் நம்பிக்கைக் குரல் அமைதியானதன்று, நடுங்குவது, திரும்பத் திரும்பச் சொல்லித் தன்னையே தேற்றிக்கொள்ள முயல்வது. இருட்டில் அஞ்சிய குழந்தை உரக்க வேண்டிக்கொள்வதைப் போன்றது. மெய்ப்பிக்கப்பட்ட நம்பிக்கையாக அதனைக் கேட்டால் குறையாகத் தோன்றும். பற்றிக்கொள்ளத் துடிக்கும் நம்பிக்கையாகக் கேட்டால் அதுவே பாடலின் உண்மையாகிறது.

கதவின் திருப்பத்தையும் இவ்வாறே காண வேண்டும். திருவெளிப்பாட்டின் மூன்றாம் அதிகாரத்தில் கதவருகே நின்று தட்டும் ஆண்டவரின் உருவத்தை நாம் அறிவோம். இப்பாடலில் அவர் தட்டும் கதவு, சற்றுமுன் சாவு தட்டிய அதே கதவு. அவருக்கென்று தனியாக ஒரு நல்ல கதவு கிடையாது. சாவுக்கு அஞ்சி அடைத்த கதவு, ஆண்டவருக்கும் அடைபட்டே கிடக்கும். அவரை உள்ளே அழைக்க வேண்டுமாயின், கறுப்பு ஊர்தி நிற்கும் சாலையை நோக்கித்தான் அக்கதவைத் திறந்தாக வேண்டும். தாயிடம் தான் வெளியே போவதாக மகன் சொல்வது இக்காரணத்தால் பாடலின் மையமாகிறது. இதனை அவர் எண்ணிப் பாடினாரா என்று கேட்பதில் பயனில்லை. பாடல் அதனை அறிந்திருக்கிறது.

இதற்கு அடுத்து வரும் 'அக்டோபர்' என்னும் சிறு பாடலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எட்ஜின் பியானோவும் மிகச் சில சொற்களுமே அதில் உண்டு. உரத்த வேண்டலுக்குப் பின் வரும் அந்த அமைதி, முந்தைய பாடல் அவசரத்தில் விட்டுவந்த துயரத்திற்கு இடம் கொடுக்கிறது. இவ்வரிசை தற்செயலானதாயினும், சொற்கள் ஓய்ந்த பிறகே துயரம் தன் இருப்பிடத்தை அடைகிறது என்பதை அது உணர்த்திவிடுகிறது.

பிரிந்த இரு இழைகள்

தாயின் நினைவு போனோவின் பாடல்களில் பிறகும் பலமுறை வருகிறது. 1997இல் ஒரு பாடலில் அவர் தாயை நேரடியாக விளிக்கின்றார். 2014 செப்டம்பர் 9ஆம் நாள், ஐரிஸ் இறந்து நாற்பது ஆண்டுகள் நிறைவதற்கு முந்திய நாளில் வெளியான 'சாங்ஸ் ஆஃப் இன்னசன்ஸ்' என்ற தொகுப்பில், தாயின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடல் இடம்பெற்றது. அதே தொகுப்பில் 1974ஆம் ஆண்டு டப்ளின் குண்டுவெடிப்பைப் பற்றி 'ரெய்ஸ்டு பை வுல்வ்ஸ்' என்ற பாடலும் உண்டு. ஆக, 1981இல் ஒரே கறுப்பு ஊர்திக்குள் அடைந்து கிடந்த இரு துயரங்கள், 33 ஆண்டுகளுக்குப் பின் பிரிந்து இரு பாடல்களாயின. ஒன்று வீட்டினுடையது, மற்றொன்று நகரத்தினுடையது.

மனிதருக்கு இது நலம். தாயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடிந்திருக்கிறது. ஆயினும் கலையின் நோக்கில் பார்த்தால், தெளிவாக உணர்ந்து பாடிய பிற்காலப் பாடலைவிட, அறியாமல் பாடிய முற்காலப் பாடலே நம்மை ஆழமாகத் தொடுகிறது. பிற்காலப் பாடலில் மகன் தாயை நினைவுகூர்கின்றார். முற்காலப் பாடலில் பதினான்கு வயதுச் சிறுவன் இன்னும் கதவருகிலேயே நிற்கின்றான்.

நமக்குரியது

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், அடக்கச் சடங்குகள் கிறிஸ்தவரின் இறப்பில் விளங்கும் பாஸ்கா தன்மையை இன்னும் தெளிவாக வெளிப்படுத்த வேண்டும் என்று பணித்தது. அது நமக்குக் கிடைத்த பெருங்கொடை. ஆயினும் உயிர்ப்பின் நம்பிக்கையைக் கண்ணீருக்கு எதிரான கட்டளையாக நாம் மாற்றிவிடுவதும் உண்டு. இலாசரைத் தாமே எழுப்பப் போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் அவர் கல்லறையை நோக்கிச் செல்கையில் கண்ணீர் விட்டார் என்பதை யோவான் நற்செய்தி மறைக்கவில்லை. தெசலோனிக்கருக்கு எழுதும் பவுலடியாரும் துயரத்தைத் தடுக்கவில்லை. நம்பிக்கையற்ற துயரத்தையே தடுக்கின்றார்.

இறப்பு வீட்டில் பெரியோர் கூடிப் பேசுவர், பெண்டிர் அழுவர், அருட்பணியாளர் ஆறுதல் கூறுவர். அங்கே மூலையில் நிற்கும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் பேசுவோர் குறைவு. "நீ அழக்கூடாது, நீ ஆண்பிள்ளை" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்வோரே மிகுதி. அடுத்த ஆண்டு நினைவுத் திருப்பலிக்குள் அந்தப் பெயர் வீட்டுப் பேச்சிலிருந்தே மறைந்துவிடுகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட வாய்ப்பதில்லை. பாட வாய்த்த ஒருவனுக்கே, தான் பாடியது எதை என்று உணரக் காலம் பிடித்தது. நவம்பர் மாதத்தில் கல்லறைகளைத் தூய்மை செய்து மெழுகுதிரி ஏற்றும் நாம், அன்று வீடு திரும்பியதும் போனவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி ஒரு செய்தியையேனும் பிள்ளைகளிடம் கூறுவது நல்லது. கதவை உள்ளிருந்து திறப்பதற்கு அதுவே தொடக்கம்.